எட்டு இல்லாத நோட்டு

நீங்க பாத்துக்கிட்டு இருந்தது கிளாஸ்தானுங்களே சார்? இல்ல, கட்டங்கட்டமா மூஞ்சி தெரிஞ்சுது, அதான் கேட்டேன். பாருங்க, பாருங்க, நான் தொந்தரவு பண்ணல. அப்புறம் பாத்துக்கறீங்களா? அதுவும் சரிதான், ஓமலூர் தாண்டிட்டா சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வேலைக்கும் போய்க்கிட்டு படிப்பும் படிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லைங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கட்டத்துக்குள்ள உக்காந்திருக்கற வாத்தியாருங்கள ரொம்ப நம்பாதீங்க. நேர்ல ஒரு தடவை கூடப் பாக்காத மனுசனுக்கு நம்ம மேல என்ன ஈரம் இருக்கும்? என் பொண்ண அப்படித்தான் சார், ஒருத்தரும் நேர்ல பாக்காமயே பொய்க்காரின்னு எழுதி வெளிய அனுப்பிட்டாங்க.

பொய்க்காரி. என் பொண்ணு. ஒரு பென்சில் அடுத்த புள்ளையோடத எடுத்துட்டு வந்தாக்கூட தூக்கம் வராது அவளுக்கு.

என் பேரு அங்கமுத்து. ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில கேஸ் பிளான்ட் பாத்துக்கறேன், இருபத்திரண்டு வருசமா. சேகோன்னா ஜவ்வரிசிங்க. மரவள்ளிக் கிழங்க அரைச்சு மாவெடுத்தப்புறம் கழிவுத் தண்ணி வரும் பாருங்க, வாய்க்காலாட்டம் வரும். முன்னெல்லாம் ஓடையில விட்டுருவாங்க, ஊரே மூக்க மூடிக்கிட்டுத்தான் போகும். இப்ப அத ஒரு பெரிய டேங்குல அடைச்சு வெச்சிருக்கோம். உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்குது, அதுங்க அந்தக் கழிவத் தின்னு கேஸா விடும். அந்த கேஸ்லதான் எங்க பாய்லரே ஓடுது. அந்த டேங்கு கைக்குழந்தை மாதிரிங்க. ஒரு நாள் தீனி கூடிப்போனா வயிறு கெட்டுப்போயிரும். புளிச்சுப் போச்சும்போம் நாங்க. புளிச்சா கேஸ் நின்னுரும். அப்புறம் சுண்ணாம்பு போட்டு, சாணி கரைச்சு ஊத்தி, தீனிய நிறுத்தி, தாஜா பண்ணித்தான் சரிக்குக் கொண்டாரணும்.

பொண்ணு பேரு சுபாஷினி. ஒரே பொண்ணு. அவ ஏழாவது படிக்கறப்பவே அவ அம்மா தவறிட்டா, அதுக்கப்புறம் நானும் அவளும்தான். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடிச்சா, ஓசூர்ல ஒரு பெயின்ட் கம்பெனியில டெஸ்டிங் செக்சன்ல வேலை கெடைச்சுது, லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கறா. ஒரு நாள் வந்து, "அப்பா, நான் மேல படிக்கப் போறேன், வேலைய விடாம, ஆன்லைன்ல"ன்னா. "என்ன படிப்பும்மா?"ன்னேன். "நீங்க பாக்கற வேலைக்குத்தாம்ப்பா படிப்பு"ங்கறா. நான் சிரிச்சுட்டேன் சார். சாக்கடைத் தண்ணிக்குக் கூடவா காலேஜ் வெச்சிருக்காங்கன்னு கேட்டேன். "பயோ எனர்ஜிப்பா. கழிவுல இருந்து கரண்ட், கேஸ், எண்ணெய் எல்லாம் எடுக்கற படிப்பு. உலகம் பூரா இதுக்கு ஆள் தேடறாங்க. உங்கள மாதிரி வாசம் புடிச்சே சொல்ற ஆளு வேணுமாம், அதே சமயம் ஏன்னு காரணம் சொல்லவும் தெரியணுமாம்"னா. வாசம் புடிக்கறது என்கிட்ட இருந்து அவளுக்கு வந்துருச்சு. காரணத்தத் தேடித்தான் படிக்கப் போனா.

ரெண்டு வருசம் சார். சாயந்தரம் ஏழு மணிக்கு கிளாஸ். ஷிப்ட் முடிச்சு வந்து, மூஞ்சி கழுவிக்கிட்டு, ஒரு பன்னும் டீயும் வெச்சுக்கிட்டு உக்காருவாளாம். கூடப் படிக்கறவங்க எங்கெங்கயோ இருந்தாங்க. ஒருத்தன் ஆப்பிரிக்காக்காரன், காப்பிக்கொட்டைத் தோல எரிச்சு என்னமோ பண்றானாம். ஒரு பொண்ணு அஸ்ஸாமு. ஒரு தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தவ, போன எடுத்துக்கிட்டு நேரா பிளான்ட்டுக்கு வந்துட்டா, கிளாஸ் நடந்துக்கிட்டே இருக்குது அதுல. "அப்பா, உங்களத்தான் கேக்கறாங்க, டேங்கு கெடப் போறத எப்படி முன்னாடியே கண்டுபுடிக்கறீங்கன்னு"ங்கறா. நான் லுங்கியில நிக்கறேன். அப்படியே நின்னு சொன்னேன், கேஸ் எரியற தீயோட நிறம் மாறும், டேங்கு மேல நிக்கறப்ப மூக்குல ஒரு மாதிரி மோர் வாசம் ஏறும்னு. அவ அத இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல, அம்புட்டு கட்டத்துலயும் கை தட்டறாங்க சார். சத்தம் வரல, கை மட்டும் ஆடுது. இன்னைக்கும் கண்ண மூடினா எனக்கு அந்தக் கையெல்லாம் தெரியுது.

அப்புறம் கடைசி ஆறு மாசம் புராஜெக்ட்டுன்னாங்க. நெசமா ஒரு பிளான்ட்ட எடுத்து ஆராய்ச்சி பண்ணணுமாம். அவ வேற எதையும் தேடல, எங்க டேங்கையே எடுத்துக்கிட்டா. தொண்ணூறு நாள், காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, கேஸ் எவ்வளவு, புளிப்பு எவ்வளவுன்னு எழுதணும். புளிப்புப் பாக்க பேனா சைஸ்ல ஒரு மீட்டர் வாங்கித் தந்தா. ஏழுக்குப் பக்கத்துல நின்னா டேங்கு நல்லா இருக்குது, ஆறுக்குக் கீழ போனா கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். அவ ஓசூர்ல வேலையில இருக்கறா, தினமும் வர முடியுமா? நான்தான் எழுதணும். நீளமா ஒரு நோட்டு, கோடு போட்டு, தேதி எல்லாம் அவ கையாலயே எழுதிக் குடுத்தா. "எது வந்தாலும் அப்படியே எழுதுங்கப்பா. நல்லதோ கெட்டதோ, கூட்டாம குறைக்காம"ன்னா. சரின்னேன்.

ஒரு நாள் தவறல சார். மழையில போயிருக்கேன். தீபாவளி, பொங்கல்னு பாக்கல. கால்ல ஆணி குத்தி நொண்டிக்கிட்டுப் போயிருக்கேன். சத்தியமா அத்தனை தடவையும் மீட்டர என் கண்ணால பாத்தேன். இத எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்லுவேன்.

ஆனா எட்டு மட்டும் எழுதல.

நீங்களே சொல்லுங்க, நல்ல காரியத்துல யாராவது எட்டு சேப்பாங்களா? எங்க முதலாளி லாரி நம்பர்ல கூட்டி எட்டு வந்தா அந்த வண்டியே எடுக்க மாட்டாரு. பொண்ணு படிப்பு நோட்டு. அவ அம்மா போனது ஒரு எட்டாம் தேதி. நான் எப்படி சார் எட்டு எழுதுவேன்? ஆறு புள்ளி எட்டுன்னு காட்டினா ஆறு புள்ளி ஒம்போதுன்னு எழுதுவேன். ஒரு நூல் வித்தியாசம். இதுல யாருக்கு என்ன நட்டம்?

அப்புறம் நடுவுல ஒரு பதினோரு நாள். அதச் சொல்லணுமா... சொல்றேன். கார்த்திகை மாசம், கிழங்கு வரத்து ஜாஸ்தி. முதலாளி அரைக்கச் சொன்னாரு, அரைச்சோம், கழிவு பூரா டேங்குக்குத்தான் வந்துச்சு. வேணாம் வேணாம்னு எனக்குத் தெரியுது. நாலாவது நாளே மோர் வாசம். டேங்கு புளிச்சுருச்சு. மீட்டர் அஞ்சு சில்லறைக்கு எறங்கிருச்சு. நான் சோறு தண்ணி இல்லாம சுண்ணாம்பும் சாணியுமா நின்னு பதினோரு நாள்ல மீட்டேன். நோட்டுல என்ன எழுதறதுன்னு பாத்தேன். பெத்த பொண்ணோட பரீட்சை நோட்டு. அதுல கெட்ட நம்பரா எழுதறது? பொல்யூஷன் ஆபீசுக்குக் காட்டற ரிஜிஸ்டர்லயே நாங்க எப்பவும் நல்லதாத்தான் எழுதுவோம். யாரோ ஒரு ஆபீசருக்கு நல்லது எழுதறவன், பொண்ணுக்குக் கெட்டது எழுதுவேனா? ஆறு புள்ளி ஒம்போது, ஏழு, ஏழு புள்ளி ஒண்ணுன்னு அழகா எழுதிட்டேன்.

தொண்ணூறு நாள் முடிஞ்சு நோட்டப் பாத்துட்டு, "என்னப்பா, ஒரு தடவை கூடப் புளிக்கலையா?"ன்னு கேட்டா. குரல் கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சு. நான் கவனிக்கல. "உங்கப்பன் பாத்துக்கறப்ப எப்படிம்மா புளிக்கும்?"னு பெருமையாச் சொன்னேன். சரின்னு அதையே எழுதி அனுப்பினா. அதுக்குள்ள பூனாவுல கேஸ் பிளான்ட் கட்டற கம்பெனி ஒண்ணு அவள இன்டர்வியூ பண்ணி எடுத்துக்கிட்டாங்க. படிப்பு முடிச்ச சர்ட்டிபிகேட்டோட ஜூன்ல வந்து சேருன்னுட்டாங்க. பூனாவுல குளிருமான்னு என்கிட்ட கேக்கறா. நான் சேலத்தத் தாண்டினதே இல்ல அப்ப. குளிரும்மா, ஸ்வெட்டர் வாங்கிக்கன்னேன். வாங்கிக்கிட்டா. நீலக் கலரு.

வந்துச்சு பாருங்க காலேஜ்ல இருந்து ஒரு மெயிலு. நூத்தியெண்பது தடவை எழுதின நம்பர்ல, ஒரு இடத்துல கூடக் கடைசியில எட்டு இல்லையாம். கம்ப்யூட்டர் புடிச்சுக் குடுத்துருச்சாம். நெசமான கணக்குல அப்படி வரவே வராதாம், இது உக்காந்து எழுதின நம்பருன்னு சொல்லிட்டாங்க. அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஊருக்கு வந்துட்டா. நோட்ட எடுத்து விரலால ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே வந்தா. "அப்பா, எட்டே இல்லையேப்பா?" நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன் சார், உனக்காகத்தாம்மா விட்டேன்னு. சந்தோசப்படுவான்னு நெனச்சேன். தலையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அப்படியே, "வேற எதையாவது மாத்துனீங்களாப்பா?"ன்னா. இருந்த இருப்பப் பாத்து, இல்லம்மான்னுட்டேன். ஏற்கெனவே நொந்து கெடக்கறவகிட்ட இன்னொண்ண எப்படிச் சொல்றது?

அப்புறம் விசாரணைன்னு வெச்சாங்க, வீடியோவுலதான். சாட்சிக்கு நான் வரணும். எங்க பேக்டரி ஆபீஸ் ரூம்ல, முதலாளி கம்ப்யூட்டர்ல உக்காந்தேன். சுபா ஓசூர்ல இருந்து ஒரு கட்டத்துல. தமிழ் தெரிஞ்ச ஒரு மேடம், இன்னும் ரெண்டு பேரு. சுபா முன்னாடியே சொல்லியிருந்தா, "நடந்தத அப்படியே சொல்லிருங்கப்பா, எட்ட மாத்தினேன்னு சொல்லுங்க, அது போதும்"னு. அந்த மேடமும் மரியாதையாத்தான் கேட்டாங்க. "ஐயா, பதறாம சொல்லுங்க. இதுல ஏதாவது நீங்க மாத்தி எழுதியிருந்தா சொல்லிடுங்க. அப்படின்னா அவங்க மேல தப்பில்ல, ஆறு மாசம் டைம் குடுத்து மறுபடி செய்யச் சொல்லிடுவோம். எல்லாம் நீங்க பாத்து எழுதினதுதானா?"

முதலாளி பக்கத்துல நின்னாரு. காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாரு, "அங்கமுத்து, நோட்டுல கை வெச்சேன்னு மட்டும் சொல்லிராத, அப்புறம் நம்ம ரிஜிஸ்டர எடுத்துட்டு வான்னு எவனாவது வருவான்"னு. அவரு சொன்னதுக்காக இல்லைங்க. அது வேற, இது வேற. என் பொண்ணோட வாத்தியாருங்க முன்னாடி நான் பொய் எழுதினவன்னு எப்படி சார் சொல்றது? அந்தக் கை தட்டினவங்க முன்னாடி? அந்த நேரத்துல எனக்கு அதுதான் தோணுச்சு. "சத்தியமா எல்லாம் நான் பாத்து எழுதினதுங்க, ஒரு புள்ளி மாத்தலைங்க"ன்னேன்.

சுபா என்னையே பாத்தா. அந்தக் கட்டத்துல யாரு யாரப் பாக்கறாங்கன்னு தெரியாதும்பாங்க. எனக்குத் தெரிஞ்சுது சார். நான் மாத்தினது அவளுக்குத் தெரியும், அவ வாயத் தெறந்து, எங்கப்பா பொய் சொல்றாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கா?"ன்னு கேக்கறாங்க. "இல்ல மேடம்"னுட்டா. அவ்வளவுதான். ரெண்டு வருசம் அந்த ஒரு வார்த்தையில போச்சு. நோட்டும் பொய், சாட்சியும் பொய்யுன்னு காலேஜ்ல இருந்து அவ பேர எடுத்துட்டாங்க. பூனாக்காரங்களும் வேண்டாம்னுட்டாங்க.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தா. திட்டல. நான் ரசம் வெச்சேன், சாப்பிட்டா. எனக்குத்தான் தாங்கல. நாலு நல்ல வார்த்தை சொல்லித் தேத்தலாம்னு, நான் உனக்கு எவ்வளவு பாடுபட்டேன்னு தெரியட்டும்னு, வாயத் தெறந்துட்டேன். "மனச விட்டுறாதம்மா. கார்த்திகையில பதினோரு நாள் டேங்கு புளிச்சுக் கெடந்தப்பக்கூட உன் பேரு கெடக்கூடாதுன்னு நோட்டுல நல்லதாத்தாம்மா எழுதினேன்"னேன்.

சோத்துல இருந்த கைய எடுத்துட்டா. "புளிச்சுதா?"ன்னா.

அப்பத்தான் சொன்னா சார். அவ புராஜெக்ட்டே அதுதானாம். டேங்கு எப்படிப் புளிக்குது, எத்தனை நாள் முன்னாடி நம்பர்ல அது தெரியுது, எப்படித் திரும்பி வருது. என் மூக்குக்குத் தெரியறது மீட்டருக்கும் தெரியுதான்னு பாக்கறதுதான் படிப்பாம். தொண்ணூறு நாளும் அவ காத்துக்கிட்டு இருந்தது அந்தப் பதினோரு நாளுக்குத்தானாம். நீங்க எழுதின மத்த நாள் எல்லாம் எனக்குத் தேவையே இல்லப்பாங்கறா.

கை கழுவிட்டு வந்து நோட்ட எடுத்தா, பேனாவ எடுத்தா. "டிகிரி கெடக்குது, விடுங்கப்பா. எனக்கே எனக்குன்னு தெரிஞ்சுக்கணும். அந்தப் பதினோரு நாளும் மீட்டர் என்ன காட்டுச்சு? மொத நாளு?" நான் எங்கயும் எழுதி வெக்கல சார். அஞ்சு சில்லறைன்னு தெரியும், அவ்வளவுதான். ஆனா அவ முகத்தப் பாத்தேன், பச்சப்புள்ள மாதிரி பேனாவோட உக்காந்திருக்கறா. "அஞ்சு புள்ளி ஏழு"ன்னேன். எழுதிக்கிட்டா. "ரெண்டாம் நாளு?" "அஞ்சு புள்ளி அஞ்சு." எழுதிக்கிட்டா. "மூணாம் நாளு?" "அஞ்சு புள்ளி நாலு." எழுதப் போனவ நிமிந்து பாத்தா. "ஞாபகத்துல இருந்து சொல்றீங்களாப்பா, இல்ல நான் கேக்கறேன்னு சொல்றீங்களா?" ஞாபகம் இருக்குதும்மான்னேன். பேனாவ மூடி வெச்சுட்டா. சத்தம் இல்லாம அழுதா சார். அவ அம்மா செத்தப்பக்கூட அவ அப்படி அழல. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். தலையத் தொடலாமான்னு இருந்துச்சு, தொடல.

அது ஆச்சு ஒன்னேகால் வருசம். ஓசூர்லயே இருக்கறா, அதே பெயின்ட் வேலை. ஊருக்கு வர்றதக் கொறைச்சுட்டா. நான்தான் போறேன் இப்ப. சும்மா போகல, பாருங்க, ஒரு லெட்டர் எழுதியிருக்கேன், அந்த மேடத்துக்கு. "மாத்தி எழுதியது நான்தான், என் மகளுக்கு எதுவும் தெரியாது"ன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். முடிவு சொன்ன முப்பது நாளுக்குள்ள குடுத்திருக்கணுமாம். இருந்தா என்ன, மனுசங்கதானே, படிச்சா மனசு எளகாதா? நீங்க காலேஜ் சமாச்சாரம் தெரிஞ்சவரு, ஒரு தடவை படிச்சுப் பாருங்க சார், எழுத்துப் பெருசாத்தான் எழுதியிருக்கேன்.

அந்த இடத்துல நிறுத்திட்டீங்களே. காய்ச்சலா? ஆமாங்க, அந்தப் பதினோரு நாளும் எனக்கு விஷக்காய்ச்சல், கண்ணு தெரியல, அதனால தப்பா எழுதிட்டேன்னு போட்டிருக்கேன். காய்ச்சல் எல்லாம் இல்லைங்க. எனக்கு என்ன காய்ச்சல், குத்துக்கல்லாட்டம் இருந்தேன். ஒரு காரணம் வேணுமில்ல? வெறுமனே மாத்தினேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அவளுக்காகத்தான் அதையும் சேத்தேன். முதலாளி சமாச்சாரம் எதுவும் போடல, அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மத்தபடி எல்லாம் உண்மைதாங்க.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

இருங்க, போன் அடிக்குது. அவதான். சொல்லும்மா... ஏறிட்டேன், ஏறிட்டேன்... சீட்டு கெடைச்சுது, ஜன்னலோரம்... தொப்பூர் மேடு ஏறிக்கிட்டு இருக்குதும்மா... தொப்பூர்தாம்மா... நெசமாத்தான் சொல்றேன், லாரி எல்லாம் வரிசையா நிக்குது... ம்... ம்... இருக்காரு. பக்கத்துல ஒரு சார் இருக்காரு... சரிம்மா. தர்றேன்.

சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு நிமிசம் இதப் புடிங்க. பஸ் ஸ்டாண்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போக வர்றாளாம், வண்டி எங்க வந்திருக்குன்னு உங்கள ஒரு வார்த்தை சொல்லச் சொல்றா. நான் சொன்னது சரிதாங்க, நீங்களே வெளிய பாத்துக்கங்க. தொப்பூர்னு சொல்லுங்க சார்.